மஞ்சள் விளக்குக்கு வைத்த பொட்டு

என் கணவருக்கு முதல் மாரடைப்பு வந்தபோது எங்கள் வீட்டில் கார் இருந்தது, ஓட்டுவதற்கு ஆள் இல்லை. ஓட்டத் தெரிந்த ஒரே மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சென்னை ஓரத்தில் நாங்கள் இருந்த நூம்பலில் அப்போது பாதி மனைகள் முள்ளும் புதருமாகக் கிடந்தன. ஆட்டோ வேண்டுமென்றால் வேலப்பன்சாவடிக்கு நடக்க வேண்டும். அன்று தெருவில் வந்த கோழித் தீவன வண்டி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, அதில்தான் அவரை ஏற்றிக்கொண்டு போனேன்.

பிழைத்துவிட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் தனியாக இரண்டு விஷயம் சொன்னார். மறுபடி வலி வந்தால் அரை மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அவர் கவலைப்படும்படி எதையும் அவர் காதில் போடக் கூடாது. அரை மணிக்குள் கொண்டுபோக யார் இருக்கிறார்கள்? மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருந்தாள். வேறு யார் வரப்போகிறார்கள்? நாற்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஏழாம் வாரம் லைசென்ஸ் வாங்கினேன். அதற்கப்புறம்தான் ராத்திரியில் கொஞ்சம் தூங்கினேன்.

கார், தொண்ணூறுகளின் கடைசியில் வந்த புது மாதிரி. கார்புரேட்டர் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி விற்றார்கள். அதற்கு முன் இருபது வருஷம் அவர் ஒரு பழைய காரை வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு முதல் காரியமாக அதன் மூடியைத் திறந்து, இன்ஜினுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைப்பார். அந்தக் கார் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அந்த வருஷம் குளிப்பாட்டும் வேலை எனக்கு வந்தது. அவர் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்தார்.

"அந்த மூலைல இன்னும் ரெண்டு சொம்பு ஊத்து. பயப்படாத, அது இன்ஜின்மா, கடிக்காது."

ஊற்றினேன். பழைய துணியை ஒயர்களுக்கு நடுவே விட்டு இழுத்து இழுத்துத் துடைத்தேன். தேங்காய் எடுக்க உள்ளே போய்த் திரும்பியபோது, கிணற்றடியில் நிரப்பி வைத்திருந்த இரண்டு வாளிகளும் காருக்குப் பக்கத்தில் வந்திருந்தன. நானே கொண்டுவந்து வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பூஜை நன்றாகவே முடிந்தது.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். கார் இருமிவிட்டுத்தான் கிளம்பியது. கண்ணெதிரே, இன்ஜின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கிளம்பினதும் அணைந்துவிட வேண்டிய விளக்கு அது. அணையவில்லை.

காரோடு கொடுத்த புத்தகத்தில் தேடினேன். உடனே கம்பெனி சர்வீசுக்குக் கொண்டுபோகவும் என்று ஒரே வரி. கம்பெனிக்குப் போனால் இரண்டு நாள் வண்டியை வைத்துக்கொள்வார்கள், வீட்டுக்கு போன் செய்து அவரிடம்தான் பேசுவார்கள். அந்த இரண்டு நாளில் வலி வந்தால்? விளக்கு எரிவதை அவர் பார்த்துவிட்டால்? சாயங்காலம் அவரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைப் பார்த்தேன். நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து விளக்கின் மேல் ஒட்டினேன். அளவெடுத்தாற்போல் மூடிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனிதர் என் வெறும் நெற்றியையும் பார்க்கவில்லை, பொட்டையும் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தினமும் விடிந்ததும் தூசி தட்டுகிற சாக்கில் போய்க் கிளப்பிப் பார்ப்பேன். முதலில் இரண்டாம் தடவையில் கிளம்பியது, பிறகு நாலாம் தடவையில். ஒவ்வொரு தடவையும் அந்தக் கோழித் தீவன மூட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஜன்னல் வழியாக அவர் கேட்பார்.

"ஏன் செல்ஃப் எடுக்கல?"

"நான்தான் சாவிய சரியாத் திருப்பல."

"பொம்பள கைல வண்டியக் குடுத்தா இப்படித்தான்."

வேறு சமயமாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். டாக்டர் சொன்னதை நினைத்து விழுங்கினேன். அவரும் அந்த வாரம் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். பத்தியச் சாப்பாடு அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். என் காது முழுக்கக் கார் மேலேயே இருந்தது.

எட்டாம் நாள், மளிகை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பாய் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். புது வண்டிகளுக்கும் கைராசிக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். காருக்குள் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாக்கா, லைட்டுக்குப் பொட்டு வச்சிகீற?"

மூச்சு விடாமல் முழுக் கதையையும் சொன்னேன். குளிப்பாட்டியதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பொட்டை எடுத்து ஸ்டீயரிங் நடுவில் ஒட்டினார். ஒரு சின்ன ஒயரை வளைத்து, டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த இரண்டு ஓட்டைகளைச் சேர்த்தார்.

"இப்ப லைட்டு விட்டு விட்டு எரியும். எத்தினி வாட்டின்னு எண்ணுக்கா. எங்க கோளாறுன்னு அதுவே சொல்லும்."

எண்ணினேன். ஒன்று. கொஞ்சம் இடைவெளி. நான்கு. மறுபடி ஒன்று, நான்கு. எந்த எண்ணுக்கு எந்தக் கோளாறு என்று போட்ட ஜெராக்ஸ் தாள் ஒன்றில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இன்ஜின் சூடு எவ்ளோன்னு பாக்கிற சென்சாருக்கா. சூடு தெரியலன்னா கம்ப்யூட்டரு பெட்ரோல கண்டபடி ஊத்தும். அதான் காலைல கிளம்ப மாட்டேங்குது. தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"இல்லையே" என்றேன். படித்த பொம்பளை இன்ஜினைக் குளிப்பாட்டினாளா என்று நினைப்பாரே என்ற வெட்கம்.

அவர் இன்ஜினுக்குள் கையை விட்டு ஒரு பிளக்கைக் கழற்றினார். தொட்டதுமே கையோடு வந்துவிட்டது. உள்ளே ஈரம், பச்சைக் களிம்பு, அதன்மேல் காய்ந்து வெடித்த சந்தனம். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நீ ஒருத்தி மட்டும் இல்லக்கா. ஆயுத பூஜ முடிஞ்ச வாரம் புது வண்டிங்கோ வரிசையா இங்கதான் வந்துகினு இருக்கும். பட்டுச்சின்னு மொதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் ஊட்டுக்குப் போயிருப்ப."

களிம்பைச் சுரண்டி, ஊதி உலர்த்தி, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினார். கம்ப்யூட்டர் பழைய கோளாறை மறக்கட்டும் என்று பேட்டரி ஒயரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டார். சாவியைத் திருப்பினேன். விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது. முதல் திருப்பலிலேயே கார் கிளம்பிய சத்தம் கேட்டு, பாய் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாங்காட்டு அம்மனுக்கு வேண்டுதல் இருந்தது. அவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். குமணன்சாவடி திருப்பத்தில் நெரிசல். நின்றிருந்தபோது அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.

"இது என்ன, பொட்டு?"

கார்தான் சரியாகிவிட்டதே, இனி சொல்வதற்கென்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, பொட்டு, பாய், சந்தனம். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கவலைப்படுவீங்கன்னுதான்."

"எனக்கும் இந்தத் தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும் இழுக்குது. வந்து வந்து போவுது. நீ பயந்துடுவேன்னு சொல்லல."

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். கண்மண் தெரியாத கோபம். மாங்காடு பக்கம் திரும்ப வேண்டிய வண்டியை வந்த வழியிலேயே திருப்பினேன். பின்னால் ஒரு லாரிக்காரன் என் வம்சத்தையே இழுத்துத் திட்டினான். அவர், கோவிலுக்குப் போய்விட்டு அப்புறம் போகலாம் என்று தொடங்கினார். "வாய மூடுங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அப்படிப் பேசியதில்லை. கார் எங்கேயும் இருமவில்லை, இழுக்கவில்லை. இருபத்தைந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

ஈசிஜி தாளைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. நர்சைக் கூப்பிட்டு என்னவோ சொல்லிவிட்டு என் கணவரிடம் கேட்டார்.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆயுத பூஜை அன்னைக்குங்க. காருக்கு ரெண்டு வாளி தண்ணி தூக்கினேன்."

டாக்டர் விரல் விட்டு எண்ணிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒன்பது நாளா ரெண்டு பேரும் ஒரே வீட்லதானேம்மா இருந்தீங்க?"

அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மறுபடியும் பிழைத்தார்.