சன்னல் வழியே வந்த வினைச்சொல்

வானகரத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்தபோது, தரைத்தளத்து அக்காவின் புகார்தான் எனக்குப் பெரிய தலைவலி. பூந்தமல்லியிலிருந்து குடிவந்தவர், வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். பின்பக்கக் கொடியில் அவர் காயப்போடும் துணிகள்மேல் தினமும் ஏதாவது விழும். முட்டை ஓடு, மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, வேர்க்கடலைத் தோல்.

"மேலேருந்து யாரோ போடுறாங்க தம்பி. நீங்க கேக்கவே மாட்டேன்றீங்க" என்பார்.

வாட்ஸ்அப் குழுவில் இரண்டு முறை தமிழில் எழுதினேன். எல்லோரும் கும்பிடு பொம்மை போட்டார்கள். சக்கையும் தொடர்ந்து விழுந்தது.

அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் கையேடு எழுதுவது என் வேலை. எளிய ஆங்கிலம் எழுதத்தான் சம்பளம். அந்த ஏக்கத்திலோ என்னவோ, யாரும் புழங்காத ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துவைக்கும் பழக்கம் உண்டு. அதில் ஒன்று 'டிஃபெனஸ்ட்ரேட்'. சன்னல் வழியாக வெளியே தூக்கிப் போடுதல் என்று பொருள். இதற்கென்றே தனியாக ஒரு வினைச்சொல்! இதை விட்டால் எப்போது பயன்படுத்துவது? அதையே பெயர்ச்சொல்லாக்கி, 'டிஃபெனஸ்ட்ரேஷன்: ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பின்பக்கம் கூட்டம்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சடித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன்.

சனிக்கிழமை வாட்ச்மேன் அண்ணன் கேட்டார்: "இன்னா சார், ஏதோ பெர்சா ஒட்டிக்கீறீங்க?"

"டிஃபெனஸ்ட்ரேஷன்ணே."

"டிபனா? எல்லாருக்குமா சார்?"

அவர் கேட்கும்போதே என் கைப்பேசி அடித்தது. கடைசிக் கேள்வி மட்டும்தான் காதில் விழுந்தது. எல்லோருக்கும்தான் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தேன்.

மறுநாள் காலை இறங்கிப்போனால், வழக்கமாக நாலு பேர் வரும் கூட்டத்துக்கு முப்பது பேர். பிள்ளைகள் கையில் தட்டு. இரண்டாம் மாடிக்காரர், "வீட்ல அடுப்பே பத்த வைக்கல சார். மெனு என்ன?" என்றார். எல்லோருக்கும் டிபன் என்று வாட்ச்மேன் அண்ணன் வீடுவீடாகச் சொல்லியிருந்தார். தெருமுனை மெஸ்ஸுக்குப் போன் போட்டு இட்லியும் வடையும் வரவழைத்தேன்.

எல்லோரும் சாப்பிடத் தொடங்கியதும் நோட்டீஸுக்கு விளக்கம் சொன்னேன். லத்தீனில் ஃபெனஸ்ட்ரா என்றால் சன்னல், முன்னே வரும் 'டி' அதிலிருந்து கீழே என்பதைக் காட்டும். முன்னொரு காலத்தில் ஐரோப்பாவில் ப்ராக் நகரத்துக் கோட்டையில் ராஜாவின் அதிகாரிகளைச் சன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள், அதையொட்டிப் பரவிய சொல் இது என்றேன்.

"செத்துட்டாங்களா அங்கிள்?" என்றாள் ஒரு சிறுமி.

"இல்லம்மா. குப்பைமேட்டுல விழுந்து பொழச்சாங்கன்னு சொல்வாங்க."

தரைத்தளத்து அக்கா வடையைக் கீழே வைத்தார். "அப்ப அங்கயும் கீழ் ஊட்டுக்காரி ஒருத்தி இருந்திருப்பா. அவளை யாராச்சும் விசாரிச்சாங்களா?"

அதற்குள் மேலிருந்து வேர்க்கடலைத் தோல் பொலபொலவென்று கொட்டியது. சாம்பாரில், தலைகளில், என் தோளில். முப்பது பேரும் அண்ணாந்து பார்த்தோம். மூன்றாம் மாடி. சமையலறைச் சன்னல். என் வீட்டுச் சன்னல்.

பண்ருட்டியிலிருந்து என் மாமனார் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புகார் தொடங்கியும் இரண்டு மாதம். நானும் மனைவியும் பகலெல்லாம் ஆபீசில் இருப்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவேயில்லை. வெட்கத்தில், கையிலிருந்த தட்டால் முகத்தை மறைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

கூட்டத்தைப் பார்த்த மாமனார் மேலிருந்தே கத்தினார்: "என்ன மாப்ள எல்லாரும் பாக்கறீங்க? ஊர்ல சன்னலுக்குக் கீழ கோழி நிக்கும். பழக்கதோஷம். இங்க என்ன நிக்குது?"

"நான் நிக்கறேன் மாமா" என்றார் அக்கா. "தோல மட்டும் போடறீங்களே, பருப்ப எப்ப போடுவீங்க?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. முட்டிவலியோடு லிஃப்டில் இறங்கி வந்தவர், ஒரு கிண்ணம் வறுத்த கடலையை அக்காவிடம் நீட்டி, "தெரியாம பண்ணிட்டேம்மா" என்றார். அக்கா அவருக்கு ஒரு நாற்காலி போட்டு இட்லி வைத்தார்.

அந்த வினைச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒருவரைப் பதவியிலிருந்து தூக்குவது. அதை நான் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கே செய்துவிட்டார்கள். புதுச் செயலாளர் அக்காதான். மறுநாள் லிஃப்ட் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு நோட்டீஸ்: "மேலேருந்து எதையும் போடாதீங்க. கீழ ஆள் கீது."