விடுதி மூடிய நாள்

புயல் வருகிறதென்று பல்கலைக்கழகம் விடுதியை மூடிப் பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்டது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததிலிருந்து சண்டை. குருநகரில் கருவாடு விற்று மகளைப் படிப்பித்த எமிலியானா, ஒவ்வொரு குரல்பதிவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"றோட்டெல்லாம் வெள்ளம். உள்ளுக்கை வைச்சுச் சோறு குடுத்திருக்கலாம்," என்றார் ஒருவர்.

"கூரை பறந்தா ஆர் பொறுப்பு? அனுப்பினதுதான் சரி," என்றாள் ஒருத்தி.

எமிலியானா இரண்டு பேருக்கும் சரியென்று 'ஓம்' போட்டாள்.

மகள் படிப்பு முடித்துக் கனடா போய் மூன்று வருடம். குழுவை விட்டு விலக மட்டும் இவளுக்கு மனம் வரவில்லை. இவள் வீட்டில் வேறு யார் கதைக்கிறார்கள்?

பின்னேரம் பிள்ளைகள் எல்லாரும் வீடு சேர்ந்தார்கள். சண்டையும் ஓய்ந்தது. கடைசியாக ஒரு தாய் கேட்டாள்: "அக்கா, உங்கடை பிள்ளை வந்திட்டாளோ?"

"இன்னும் இல்லை, தங்கச்சி," என்றாள் எமிலியானா.

ஓய்ந்திருந்த குழு மறுபடி கதைக்கத் தொடங்கியது.