இரண்டாவது படிவம்

மட்டாஞ்சேரியில் பேருந்துக்கு விசில் கிடையாது, மணிக்கயிறு. இரண்டு முறை இழுத்தால் வண்டி நகரும். சங்கரன்கோவிலிலிருந்து வந்து இருபது வருடமாகியும் என் காது விசிலுக்கே காத்திருக்கிறது. எதையும் இருமுறை அழுத்தினால்தான் நகரும் என்று இந்த ஊரே நம்புவதாகத் தோன்றும். இலவச டயாலிசிஸுக்குப் பதியும் இணையப் பக்கத்தை ஒரு அறக்கட்டளைக்காக நான்தான் எழுதினேன். அங்கேயும் 'அனுப்பு' பொத்தானை அழுத்தி அழுத்தி ஒரே நோயாளி மூன்று பேராகிவிடுவார். பட்டியல் பார்க்கும் ரோசி சேச்சி சலித்துக்கொண்டார்: "ஒராளு தன்னெ மூணு தவண, சாரே! இது லிஸ்டோ, திருவிழாக் கூட்டமோ?"

படிவங்களை வாங்கிப் பிரிக்கும் கன்ட்ரோலர் என்ற நிரல்பகுதியில் ஒரு விதி வைத்தேன்: பத்து நிமிடத்துக்குள் அதே தொலைபேசி எண் மறுபடி வந்தால், தள்ளிவிடு. தள்ளினாலும் 'உங்கள் படிவம் கிடைத்தது' என்றே காட்டு. பாவம், பதற வேண்டாம். தமிழிலும் அதை எழுதிச் சேர்த்தேன், பெருமையாக.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கே ஒரே போன், மளிகைக் கடையில். எனக்கு முதல் வேலை கிடைத்த செய்தியே அதில்தான் வந்தது. விதி எழுதும்போது அதை மறந்துபோனேன்.

கொச்சங்காடியில் மூட்டை தூக்கும், எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணன், தம்பி இருவருக்கும் சிறுநீரகம் பழுது. வீட்டில் ஒரே போன், அண்ணன் மனைவி இசக்கியிடம். கொழுந்தனுக்குப் பார்க்க ஆளில்லையே என்று அவன் படிவத்தை முதலில் அனுப்பினாள். அடுத்த நிமிடம் கணவனுடையதை. தம்பிக்கு இடம் கிடைத்தது. அண்ணன் காத்திருந்தான். நச்சரித்தால் இருக்கிற இடமும் போய்விடும் என்று பயந்து யாரும் கேட்கவில்லை. நெஞ்சில் நீர் கோத்து அவன் செத்தான்.

"அங்ஙனொரு பேரே இதிலில்லல்லோ, சாரே," என்றார், அவன் பெயரைப் பட்டியலில் தேடிப் பார்த்த ரோசி சேச்சி. பதிவுகளைத் தோண்டினேன். இருந்தது: தள்ளப்பட்டது. எண்ணோடு பெயரையும் பார் என்று திருத்த மூன்று வரி போதுமாயிருந்தது.

மறுநாள் காலை அவன் உடலோடு ஆம்புலன்ஸ் ஊருக்குக் கிளம்ப நின்றது.

"இசக்கி, உன் வீட்டுக்காரர் படிவம் போய்ச் சேரல. நான் எழுதி வச்சதுதான் தள்ளிட்டுது."

"கிடைச்சதுன்னு தமிழ்ல போட்டிருந்துச்சே அண்ணே. நம்மாளு எழுதினதுன்னுதான நம்பினோம்."

கொள்ளி வைக்க வேண்டிய தம்பிக்குப் பதினோரு மணிக்கு மெஷின். தவறினால் மூன்று நாள் கழித்துத்தான். வண்டிக் கதவை விடாமல் பிடித்திருந்தான்.

"மதினி, நானும் வாரேன்."

"ஏறாத. போயி மெஷின்ல படு. உன்னையும் இப்பிடி ஏத்தணுமா?"

ஆம்புலன்ஸ் தோப்பும்படிப் பக்கம் திரும்பியது. அவன் என் ஸ்கூட்டரில் ஏறினான். நான் ஆஸ்பத்திரியை நோக்கி ஓட்ட, கண்ணாடியில் அவன் முகம் தெரியவில்லை; திரும்பி உட்கார்ந்து, போகிற வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தான்.