குடும்ப வண்டியில் காலியாகப் போன இருக்கை

வெர்லீன் டட் இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பிள்ளைகள் நிற்காத இடத்தில் அவள் ஒருநாளும் பஸ்ஸை நிறுத்தியதில்லை. தொண்ணூற்றெட்டாம் வருஷம் அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை நிறுத்தினாள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி பஸ்ஸோடு மர ஆலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். ராஸ்கோ பீல் வீட்டு முன்னால், சாலையைப் பார்த்தபடி ஒரு நீளமான கறுப்பு வண்டி நின்றது. முந்தின நாள் அது அங்கே இல்லை. கொட்டகையிலிருந்து இழுத்து வந்த தடத்தில் புல் இன்னும் சாய்ந்தே கிடந்தது. கூரை முழுக்கப் பறவை எச்சம். பம்பர் துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. நான்கு டயரும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. முன் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் யாரோ கோணலாக எழுதியிருந்தார்கள்: ‘விற்பனைக்கு. 1200 டாலர்.’

ஐம்பத்தாறாம் வருஷத்துக் காடிலாக். எங்கள் ஜார்ஜியா பக்கத்தில், இந்த மாவட்டத்தின் கறுப்பர் வீடுகளில் யாரைக் கேட்டாலும் ‘கேதர் வண்டி’ என்பார்கள். கேதர் குடும்பம்தான் எங்கள் சாவுகளையெல்லாம் எடுத்து நடத்தியது. சவப்பெட்டி வண்டிக்கு அடுத்ததாகப் போகும் குடும்ப வண்டி இது. சாவு வீட்டுப் படியில் ஓட்டுநர் கையில் தாளோடு நிற்பார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் கேட்டவர் ஏறிக்கொள்வார். கூப்பிடாதவர், எவ்வளவு அழுதாலும், ஊராரோடு பின்னால் வர வேண்டியதுதான். இறந்தவருக்கு யார் உறவு, யார் உறவில்லை என்பது அந்தப் படியிலேயே ஊரறிய முடிந்துவிடும்.

வெர்லீனுக்கும் அங்கேதான் முடிந்தது. அவள் அப்பா ஹோசியா ப்ரூயிட் மர ஆலையில் வேலை பார்த்தவர். வீட்டில் மனைவி கோராவும், ஊரார் மரியாதைக்குச் சொல்வது மிஸ் கோரா, மூன்று பிள்ளைகளும். அந்தக் கல்யாணத்துக்கு முன்பே ஐடெல் என்ற பெண்ணிடம் பிறந்தவள் வெர்லீன். அவர் அதை ஒளித்ததில்லை. சனிக்கிழமைதோறும் ஐடெல் வீட்டு வாசலுக்கு வருவார். மகளுக்கு ஷூ வாங்கித் தருவார். வெர்லீனுக்கு அப்படியே அவர் நெற்றி; அதைப் பார்த்தால் போதும், யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

அறுபத்தொன்றில் அவர் இறந்தபோது அவளுக்கு இருபத்தொரு வயது. குடும்பத்தோடு போகத் தயாராக வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அப்பா வீட்டு முற்றத்தில் நின்றாள். அன்று ஓட்டுநராக இருந்த ராஸ்கோ மிஸ் கோராவைக் கூப்பிட்டார், பிள்ளைகள் மூவரைக் கூப்பிட்டார், ஹோசியாவின் தம்பியைக் கூப்பிட்டார், தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். வண்டிகள் நகர்ந்தன. அவள் செம்மண் புழுதியில் பின்னாலேயே நடந்தாள். சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் வண்டிகள் வலது பக்கம் சர்ச்சுக்குத் திரும்பின. அவள் இடது பக்கம், தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிடாத இடத்துக்கு இனிப் போவதில்லை என்று அன்று முடிவு செய்தாள். அதே சர்ச்சில்தான் ஞாயிறுதோறும் பாடுகிறாள். பின்னால் இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்குள், அப்பா கிடக்கும் இடத்துக்கு, முப்பத்தேழு வருஷமாக ஒருமுறைகூடப் போனதில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிக் கண்ணாடியில் கையை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“கடிக்காது, கதவத் தொறந்தே பாக்கலாம்” என்றபடி ராஸ்கோ வீட்டுக்குள்ளிருந்து வந்தார். எழுபத்தொன்பது வயது. “ஐடெல் பொண்ணுதானே நீ?”

“எனக்கே அம்பத்தெட்டு ஆச்சு மிஸ்டர் ராஸ்கோ. இன்னும் ஐடெல் பொண்ணா?”

“வேற யாரு பொண்ணுன்னு சொல்லச் சொல்ற?”

கேட்ட பிறகுதான் அவருக்கே தான் கேட்டது உறைத்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஏன் விக்கிறீங்க?” என்று அவள்தான் பேச்சை மாற்றினாள்.

“மக அட்லாண்டாவுக்குக் கூப்பிடுறா. அங்க கொட்டகை இல்லையாம். நான் வேலைய விட்டப்ப கேதர் குடும்பம் இத எனக்குக் குடுத்துச்சு. வச்சுக் காப்பாத்தத் தெரியல. எலி குடும்பம் நடத்திட்டுப் போயிருக்கு.”

வெர்லீன் கதவைத் திறந்தாள். பின்னால் அகலமான இருக்கை, துணி கிழிந்து பஞ்சு தெரிந்தது. முன் இருக்கைக்குப் பின்னால் மடித்து வைக்கும் சின்ன இருக்கைகள் இரண்டு.

“அன்னிக்கு அந்தத் தாள்ல என் பேரு இருந்துச்சா?”

எந்த அன்றைக்கு என்று ராஸ்கோ கேட்கவில்லை.

“இல்ல. முந்தின ராத்திரி தாள் எழுதறப்ப மிஸ் கோராகிட்ட நான் கேட்டேன், மூத்த பொண்ணையும் எழுதட்டுமான்னு. எனக்கு மூணே பிள்ளைங்கதான்னு சொல்லிட்டாங்க. எழுதல. படியில நின்னப்ப உன்னப் பாத்தேன். கையுறை போட்டிருந்த. தாள்ல இல்லாட்டி என்ன, வாயால கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல.” அவர் வண்டிக்குள் கைகாட்டினார். “இந்தா, இடது பக்கத்துச் சின்ன சீட்டு. காலியாத்தான் போச்சு.”

அவள் கதவை மெல்லச் சாத்தினாள். பிறகு, “நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்” என்றாள்.

“எதுக்கும்மா? இது ஓடாது.”

“ஓடணும்னு நான் சொன்னேனா?”

எங்கள் பக்கத்தில் இழுவை வண்டி வைத்திருப்பது எல்வுட் ப்ரூயிட் ஒருவன்தான். மிஸ் கோராவின் கடைக்குட்டி, ஐம்பத்தொரு வயது. அவனும் அதே சர்ச்தான். ஞாயிற்றுக்கிழமை எதிரே வந்தால் ‘குட் மார்னிங் சிஸ்டர் டட்’ என்பான். சர்ச்சில் எல்லாரும் எல்லாருக்கும் சிஸ்டர்தான். அந்தச் சொல்லில் அவளுக்கென்று எதுவும் இருந்ததில்லை. அவனுக்கு போன் செய்வதற்குள் மூன்று முறை எடுத்த போனைத் திரும்ப வைத்தாள்.

சனிக்கிழமை காலை அவன் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

“மிஸ் வெர்லீன், இதுல கோழி அடைக்கப் போறீங்களா?”

“உன்கிட்ட யோசனை கேக்கல. இழுக்க முடியுமா, முடியாதா?”

“கொக்கி போட்டுத் தூக்கினா பம்பர் தனியா வந்துடும். டயர்ல காத்தடிச்சு, சங்கிலி போட்டு நடை வேகத்துல இழுக்கலாம். ஸ்டியரிங் பிடிக்க ஒரு ஆள் வேணும்.”

“நான் இருக்கேன்” என்று வெர்லீன் முன்கதவில் கையை வைத்தாள். “பஸ்ஸே ஓட்டுறேன், இத ஓட்ட மாட்டேனா?”

“கைய எடும்மா” என்றார் ராஸ்கோ. அப்போதுதான் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். தோள் இடத்தில் அது இப்போது தொளதொளத்தது. கண்ணாடியில் இருந்த எழுத்தையும் கூரை எச்சத்தையும் காலையிலேயே துடைத்திருந்தார். “இருபத்தஞ்சு வருஷம் நான் உக்காந்த சீட்டு. ஹேண்ட் பிரேக் இன்னும் பிடிக்குது, பாத்துட்டேன். கடைசித் தடவையும் நான்தான்.”

அவர் வண்டியைச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். கையில் தாள் எதுவும் இல்லை.

“வெர்லீன் ப்ரூயிட்” என்று அப்பாவின் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டார். “ஹோசியா ப்ரூயிட்டோட மூத்த மக.”

சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்த எல்வுட்டின் கை நின்றது. வெர்லீன் சமையல் செய்கிற பழைய கவுனும் பஸ் ஓட்டும் காலணியும் போட்டிருந்தாள். ‘இந்தக் கோலத்திலா’ என்பதுபோலத் தன்னையே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு வந்து ஏறினாள். அகலமான பின் இருக்கையில் உட்காரவில்லை. இடது பக்கத்துச் சின்ன இருக்கையை விரித்து அதில் உட்கார்ந்தாள்.

எல்வுட் ஜன்னலோரம் வந்து நின்றான்.

“நான் அப்ப பதினாலு வயசுப் பையன்” என்றான் மெல்ல. “பக்கத்துச் சின்ன சீட்டுல உக்காந்திருந்தேன். இது யாருக்குன்னு அம்மாவக் கேட்டேன். வாய மூடுன்னாங்க. என் தொப்பிய அதுமேல வச்சுக்கிட்டேன்.”

 சொல்லிவிட்டுப் போய் இழுவை வண்டியில் ஏறினான். மெதுவாகப் போவதால் பட்டப்பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டான்.

அந்த விளக்குதான் எல்லாவற்றையும் செய்தது. எங்கள் ஊரில் நீளமான கறுப்பு வண்டி, பகலில் எரியும் விளக்கு, நடை வேகம் என்று மூன்றும் சேர்ந்தால் சாவு ஊர்வலம் என்பதைத் தவிர யாரும் வேறெதுவும் நினைக்க மாட்டார்கள். முதலில் எதிரே வந்த மர லாரி ஓரங்கட்டி நின்றது. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். அடுத்து ஒரு சின்ன கார் மண்ணில் இறங்கி நின்றது. உள்ளே இருந்த வெள்ளைக்கார அம்மாள் தலையைக் குனிந்தாள். சாலை போடுகிறவர்கள் மண்வெட்டியை ஊன்றி வரிசையாக நின்றார்கள். பின்னால் வந்த வண்டிகள் எதுவும் முந்தவில்லை. ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக்கொண்டன. கேதர் வண்டியை அடையாளம் தெரிந்த இரண்டு பேர் எதிர்த்திசையிலிருந்து வளைத்துத் திரும்பி வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

“மிஸ்டர் ராஸ்கோ, இவங்க தப்பா நெனச்சுட்டாங்க. நிறுத்திச் சொல்லுங்க.”

“என்னன்னு சொல்ல?” என்றார் ராஸ்கோ. திரும்பிப் பார்க்கவில்லை.

சாலை பிரியும் இடம் வந்தது. இடது பக்கம் வெர்லீன் வீடு. வண்டியை அங்கேதான் கொண்டுபோக வேண்டும் என்று எல்வுட்டிடம் சொல்லியிருந்தாள். அவன் பிரேக் போட்டு நின்றான். இழுவை வண்டியின் பக்கக் கண்ணாடியில் அவன் கண்கள் அவளைத் தேடுவது தெரிந்தது. அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளில் இப்போது கையுறை இல்லை. வேண்டாம் என்று அவள் தலையசைக்கவும் இல்லை. எல்வுட் வலது பக்கம் திரும்பினான்.

கல்லறைத் தோட்ட வாசலில் ராஸ்கோ இறங்கிக் கதவைத் திறந்தார். பின்னால் ஏழு வண்டிகள் நின்றிருந்தன. சர்ச்சின் மூத்த உதவியாளர் ஒருவர் இறங்கி, சவப்பெட்டியைத் தேடிச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு எல்வுட்டிடம் வந்தார்.

“யாருப்பா தவறினது?”

“எங்கப்பா.”

“உங்கப்பாவா? நான்தானே அவருக்குக் குழி வெட்டினேன்! அறுபத்தொண்ணுல!”

“ஆமா” என்றான் எல்வுட். “அக்காவுக்கு இன்னிக்குத்தான் வண்டி கெடச்சுது.”

அந்தப் பெரியவர் வெர்லீனைப் பார்த்தார், அவள் நெற்றியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். யாரும் கிளம்பவில்லை.

வெர்லீன் வாசல் வரை போய் நின்றாள். அப்பா எந்த மூலையில் கிடக்கிறார் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. எல்வுட் கையை நீட்டினான். சாவு வீடுகளில் பெண்களைக் கைபிடித்து அழைத்துப் போவது போல, முழங்கையை மடக்கி. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டடி உள்ளே போனவள் திரும்பினாள்.

“மிஸ்டர் ராஸ்கோ, கதவச் சாத்திடாதீங்க. திரும்ப வீட்டுக்கும் நான் இதுலதான் போகணும்.”