இரட்டை சைக்கிளின் முன் சீட்

செங்கல்பட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. ஊசி குத்தும்போது வலிக்காது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வலிக்கும் என்றுதான் சொல்வேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

என் புருஷனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து உள்ளே வருகிற நோய். முதலில் மங்கிய வெளிச்சத்தில் தடுமாறினார். பிறகு பக்கவாட்டில் வருகிற எதுவும் தெரியாமல் போனது. கடைசியில் ஒரு பைப் வழியாகப் பார்ப்பதுபோல நேர் எதிரே ஒரு வட்டம் மட்டும் மிச்சம். அதுவும் சுருங்கும், மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது குடும்ப வழியில் வரக்கூடியது என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவருடைய தங்கைக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய மூச்சு வுட்டே, அவ கல்யாணம் நின்னா அது உன் தலையிலதான்" என்று மாமியார் என்னிடம் சொன்னாள். மகனிடம் எதுவும் சொல்லவில்லை.

அவர் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். (மரியாதைக்காக 'அவர்' என்று எழுதுகிறேன். வீட்டில் நான் பேசுவது வேறு மாதிரி.) ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து கூட்டாளிகளோடு சைக்கிள் ஓட்டுவார். தார் ரோடு அவர்களுக்கு ஆகாது. ஏரிக்கரை, செம்மண் பாதை, கிராவல் லாரி போய்ப் போய் ஜல்லி பெயர்ந்து கிடக்கிற வழி, இப்படித் தேடிப் போவார்கள். அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் ஒரே நாளில் படாளம், வேடந்தாங்கல் சுற்றிவிட்டு, திரும்பி திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்ச் சேருவது என்று திட்டம் போட்டிருந்தார்கள். அதற்குள் ஒரு தடவை, ரோட்டோரம் நின்றிருந்த லோடு ஆட்டோவில் அவர் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டு வந்தார். கூட்டாளிகளிடம் பிரேக் ஃபெயிலியர் என்று சொன்னார்.

இரண்டு பேர் ஓட்டுகிற சைக்கிள் என்னுடைய யோசனை. "தனியா ஓட்னா செத்துப் பூடுவே. இல்லன்னா எவனையாவது சாவடிப்பே. ஒரே வண்டி கட்டலாம். நான் முன்னாடி, நீ பின்னாடி" என்றேன். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் மண் ரோட்டில் தினம் போய் வந்தவள் நான். எனக்கு ஓட்டத் தெரியும். அவருக்குக் கண் தெரியாது. இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

வண்டி கட்டலாம் என்பதற்கு உடனே தலையாட்டினார். மீதிக்குப் பதில் சொல்லவில்லை.

வெல்டிங் கடைக்காரர் தண்ணீர் கேன் வண்டி, குப்பை வண்டி, கிரில் கேட் செய்கிறவர். இரட்டை சைக்கிள் என்றதும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"முன்னாடி குந்தறது யாரு?"

"நான்" என்றேன்.

அவர் என் புருஷனைப் பார்த்துச் சிரித்தார். "யக்கா, காலைலயே காமெடியா?"

"நீ அளவெடு அண்ணாத்த. முன்னாடி நானு. இவ பின்னாடி" என்றார் என் புருஷன்.

"யோவ், உனக்குத்தான்…" என்று ஆரம்பித்தேன். அவர் தலையைத் திருப்பி என்னை அந்த வட்டத்துக்குள் கொண்டுவந்து முறைத்தார். கடைக்காரருக்கு விஷயம் தெரியாது. நான் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பேசினோம். பேசினோம் என்றால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"பொண்டாட்டி ஓட்டினு போக, நான் பின்னால மூட்டையாட்டம் குந்தினு போவணுமா? பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"கண்ணு தெரியாதுன்னு நெனப்பான். நெசம்தானே?"

"நேரா தெரியுதுடி. ரோடு நேராத்தானே கீது?"

"ரோடு நேராக் கீது. ஆடு, மாடு, மனுசன்லாம் பக்கத்துலேருந்துதான்யா வரும்."

அதற்கு அப்புறம் ஒரு வாரம் என் கையால் சாப்பிடவில்லை. நானும் கெஞ்சவில்லை. ஆனால் அந்த வாரத்திலேயே அவர் தனியாகப் போய் பைப்பை வெட்டச் சொல்லிவிட்டார். அவர் உயரம். நான் அவர் தோளுக்குக்கூட வரமாட்டேன். முன் சீட்டுக்குக் கீழே நிற்கிற பைப் அவர் காலுக்கு வெட்டியானது. சீட்டை அடியோடு இறக்கினாலும் என் கால் பெடலுக்கு எட்டாது. பின்னால் இருப்பதோ என் அளவு. வெட்டின பிறகு பேச்சுக்கு இடமே இல்லை. உலகத்தில் எங்காவது கண் தெரியாதவனுக்கு முன் சீட் அளவெடுத்து சைக்கிள் செய்திருப்பார்களா? எங்கள் வீட்டில் செய்தார்கள்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். என் ஹேண்டிலில் ஒரு பிரேக். அது இல்லாமல் ஏறமாட்டேன் என்றேன். இரண்டு பேர் எடையோடு சறுக்கலில் இறங்கும்போது எப்படியும் மூன்றாவது பிரேக் வேண்டும் என்று கடைக்காரரும் சொன்னார். பழைய மொபெட்டின் டிரம் பிரேக்கைப் பின் சக்கரத்தில் பொருத்தி, ஒயரை என் கைப்பிடிக்கு இழுத்தார்.

வண்டி நன்றாகத்தான் வந்தது. அதை மறைக்க மாட்டேன். இரண்டு பழைய ஃபிரேமிலிருந்து தலையையும் வாலையும் எடுத்து, நடுவில் புது பைப் வைத்து, கேஸ் வைத்துப் பித்தளையில் பற்றவைத்தார். அடியில் பெடல் அச்சு இரண்டையும் சேர்த்து நீளமாக ஒரு பைப் ஓடியது. அதை முதலில் மெல்லிசாகப் போட்டு, ஏறி மிதித்தபோது வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. பிரித்துப் பெரிய பைப் போட்டார். இடது பக்கம் ஒரு செயின் முன் பெடலையும் பின் பெடலையும் கட்டிப்போட்டது. ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் சுற்றித்தான் ஆக வேண்டும். ரிம் லூதியானாவிலிருந்து வந்தது, கூடுதல் ஸ்போக்ஸ் போடுகிற மாதிரி. டயர் தடிமனானது. சக்கரத்தில் கோணல் இல்லாமல் கோட்டம் எடுக்கிற வேலையை மட்டும் என் புருஷன் யாரிடமும் விடவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு விரல் நகத்தை ரிம்மில் உரசவிட்டு, எங்கே தட்டுகிறது என்று கேட்டுக் கேட்டு ஸ்போக்ஸை முறுக்கினார். அதற்குக் கண் வேண்டியதில்லை.

பைகளை ஆட்டோவுக்கு சீட் தைக்கிறவர் தைத்தார். மேலே ரெக்சின், உள்ளே பழைய பேனர் துணி. யாருடைய கண்ணீர் அஞ்சலி பேனரோ தெரியவில்லை. பம்ப், டியூப், பஞ்சர் சாமான் எடுக்கப் பையைத் திறந்தால், செத்துப்போன ஒருவருடைய மீசை பாதியும் ஒரு காதும் தெரியும்.

புறப்பட்ட அன்று கூட்டாளிகள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். என் புருஷன் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மாமியார் மகளிடம் சொல்லிவைத்திருந்தாள்.

"மச்சான், அண்ணி மிதிக்கிறாங்களா, இல்ல கால மட்டும் ஆட்டிகினு வர்றாங்களா, பாத்துக்கோ" என்றான் ஒருவன்.

"அவளுக்கு இன்னா, ஏசி பஸ்சு மாரி" என்றார் இவர்.

எனக்கு முன்னால் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும். இரண்டு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்து, பள்ளம், இடது, மெதுவா, கல்லு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கூட்டாளிகள் தள்ளிப் போனால் கேட்பார். பக்கத்தில் வந்தால் கேட்கமாட்டார். சத்தமாகச் சொன்னால், "வாய மூடினு மிதிடி" என்பார், அவர்கள் சிரிக்கிற மாதிரி.

படாளம் தாண்டி ஒரு ஏரிக்கரை. மேலே செம்மண், ஓரத்தில் உடைந்த ஜல்லி. கரை சரிந்து கழனிப் பக்கம் இறங்குகிற இடத்தில் வண்டி வேகமெடுத்தது. வலது பக்கம் கீழேயிருந்து ஒரு அம்மா தலையில் புல்லுக்கட்டோடு மேலே ஏறி வந்தாள். புல் கண்ணை மறைத்ததால் அவளுக்கு எங்களைத் தெரியவில்லை. இவருக்கு ஏன் தெரியவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

"ஆளு! வலது பக்கம் ஆளு! புடிய்யா!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே என் பிரேக்கை இழுத்தேன். லிவர் வெண்ணெய் மாதிரி கைப்பிடி வரைக்கும் வந்தது. எதையும் பிடிக்கவில்லை.

அவர் தன் பிரேக்கைப் பிடிப்பதற்குள் வண்டி இடித்து, அவள் கரையிலிருந்து உருண்டாள். புல்லுக்கட்டு ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். என் முழங்கையில் தோல் போயிருந்தது. அவளுடைய வலது மணிக்கட்டு இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

கழனியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கூட்டாளிகளும் திரும்பி வந்தார்கள். என் புருஷன் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு முதலில் பேசியது இதுதான்: "பின்னாலேருந்து ஆட்டிட்டா சார். பொம்பளைய ஏத்தினு வந்தா இப்டித்தான். பேஜாரு."

ஒருவர் "அதான பாத்தேன்" என்றார். கூட்டாளி ஒருவன் என்னைப் பார்த்து, "இன்னா அண்ணி நீங்க" என்றான்.

நான் எழுந்து அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கையை அவர் காதுக்கு நேராக நீட்டி மூன்று விரலைக் காட்டினேன்.

"இது எத்தினி வெரலு, சொல்லு."

அவர் தலையைத் திருப்பப் போனார். "திரும்பாத. நேரா பாத்துகினே சொல்லு. இவங்க எல்லாரும் சொல்லுவாங்க. நீ சொல்லு."

அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு" என்றார்.

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். "இந்த ஆளுக்குக் கண்ணு தெரியாது. எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றேன்.

கீழே கிடந்த அம்மா இவரைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டினாள். "கண்ணில்லாதவன முன்னாடி குந்த வெச்சி இட்டாந்தியே, நீயெல்லாம் ஒரு பொம்பளயா? அவனுக்குத்தான் தெரியல. உனுக்குமா?"

பம்பை அவள் கையோடு சேர்த்து வைத்து டியூபால் கட்டினேன். வலிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் கட்டினேன். லோடு ஆட்டோவில் அவளோடு மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். இவர் வரவில்லை. கூட்டாளிகளில் இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு இவரை வீட்டில் விட்டார்கள். மற்றவர்கள் மாமல்லபுரம் போனார்கள்.

மறுநாள் பிரேக் ஒயரைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. டிரம் பக்கத்து நட்டு வேண்டுமென்றே தளர்த்தப்பட்டிருந்தது. வெல்டிங் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"கெளம்பறதுக்கு மொத நாளு அண்ணாத்ததான்க்கா வந்து தளத்தச் சொன்னாரு. அவ கையில ஆட்டத்துக்கு ஒண்ணு கெடக்கட்டும், புடிக்க வாணாம்னாரு. அவருக்குக் கண்ணு இப்டின்னு எனக்கு எப்டிக்கா தெரியும்?"

"தெரியலன்னா? பின்னாடி குந்தறவ உசுரு உசுரு இல்லையா?" என்றேன். அதற்கு மேல் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வீடியோ ஊரைச் சுற்றியது. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மகன் ஒயரைத் தளர்த்தச் சொன்னதை நான் சொன்னபோது, "அவன் ஆம்பள" என்றாள், அவ்வளவுதான். தங்கை மட்டும் ஒரு நாள் நான் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கும் டெஸ்ட் பண்ணணுமா அண்ணி?"

"பண்ணணும்" என்றேன். இல்லை, உனக்கு ஒன்றும் இருக்காது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வண்டியை நான் விற்கவில்லை. வெல்டிங் கடைக்கே எடுத்துப் போய் முன் பைப்பை என் காலுக்கு வெட்டச் சொன்னேன். பின் பைப்பை நீட்டச் சொன்னேன். கடைக்காரர் டேப்பை எடுத்து என் காலை அளந்தார்.

என் புருஷன் பல மாதம் அந்த வண்டியைத் தொடவில்லை. அதற்குள் வட்டம் இன்னும் சுருங்கிவிட்டது. கம்பெனியில் ஸ்டோருக்கு மாற்றி, பிறகு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். கூட்டாளிகள் வருவது நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"எங்க?"

"மாமல்லபுரம். வர்றதுன்னா பின்னாடி ஏறு."

ஏறினார்.

திருக்கழுக்குன்றம் வரைக்கும் குறுக்கு வழியாக ஜல்லி ரோட்டிலேயே போனேன். நன்றாக மிதித்தார். இவ்வளவு பலத்தை இவர் முன்னால் உட்கார்ந்து வீணாக்கினார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்பு ஓரமாக மண் பாதை. தோப்பு முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை, அதில் நாலு பேர்.

"தோ பார்ரா! பொண்டாட்டி ஓட்றா, தொர பின்னால குந்தினு வர்றாரு!"

"இடுப்ப நல்லா புடிச்சிக்கோ மாமே, உழுந்துடப் போற!"

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து அவருடைய மூச்சு என் பிடரியில் பட்டது. "நிக்காத. வேகமாப் போ" என்றார். பெடலில் அவர் கால் வேகமெடுத்தது. நான் பிரேக்கைப் பிடித்தேன். கடை வாசலிலேயே நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, அவர் கையைப் பிடித்து இறக்கி பெஞ்சில் அந்த நாலு பேருக்கு நடுவில் உட்கார வைத்தேன். இரண்டு டீ சொன்னேன்.

அவர் டம்ளர் வைக்கிற இடத்தைத் துழாவியதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். சிரிப்பு அப்படியே நின்றது. கடைக்காரர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "யக்கா, சாருக்கு சக்கர போடலாமா?"

"அவரையே கேளு" என்றேன். "கண்ணுதான் தெரியாது. வாயி கீது."

அவர் கடைக்காரர் குரல் வந்த திசையைப் பார்த்து, "போடுப்பா" என்றார்.