மழுக்கிய ஓரம்

நெல்லித்தோப்புக் கண்ணாடிக் கடையில், ஃபிரேம் இல்லாத என் புது மூக்குக்கண்ணாடியின் ஓரத்தைக் கடைக்காரர் ஈரக்கல்லில் உரசினார். அப்பாவின் அறையில் கேட்ட அதே கரகரப்பு.

வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அப்பா வீட்டிலேயே தொலைநோக்கி செய்ய இறங்கினார். அதற்கான கனத்த வட்டக் கண்ணாடியின் மேல்பக்கத்தைக் குழிவாகக் கையால் தேய்த்தார். ஓரம் கூராக இருந்தால் சில்லு பெயரும் என்று முதலில் அதைக் கல்லால் சரிவாக மழுக்கினார். அப்படியும் ஒரு நாள் சில்லு பெயர்ந்திருந்தது.

"இதும்மேல பாத்திரம் எதனா வச்சியா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நான் அந்த ரூம் பக்கமே போவல."

அம்மா குருசுக்குப்பத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம் இன்னொரு சில்லு பெயர்ந்தது. "போவும்போது எதனா பண்ணிட்டுப் போயிருப்பா" என்றார் என்னிடம்.

அம்மா திரும்பிய அன்று அந்த ஓரமே அப்பாவின் விரலை அறுத்தது. மேல்பக்கம் தேயத் தேயச் சரிவும் தேய்ந்து, ஓரம் பழையபடி கூராகியிருந்தது. அவர்தான் மறுபடி மழுக்கவில்லை. அம்மா அவர் விரலில் துணி சுற்றினாள். அப்பா அவள் முகத்தையே பார்த்தார்.

"அந்தக் கல்ல என் கண்ணுல படாம வச்சது யாரு?"

கடைக்காரர் கண்ணாடியை நீட்டினார். ஓரத்தை விரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது.

"இத எங்கனா கீழ போட்டீங்களா?" என்று கேட்டேன்.