காது மட்டம்

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் 'காதுக்காரர்' என்றுதான் பெயர். பக்கத்து வீட்டு மிக்ஸி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். அக்கா கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் காதில் விழாது.

ஸ்பீக்கர் கடையில் இருபத்திரண்டு வருடமாக விற்பனையாளர். வருகிறவர்களைச் சோபாவில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் மூன்று ஜோடிகளையும் ஒவ்வொன்றாகப் பாடவிடுவார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பார். கடைசியில், "எனக்கு இதுதான் தெளிவா கேக்குதுங்க" என்பார். அது எப்போதும் விலை கூடிய ஜோடியாகவே இருக்கும். மனிதருக்குப் பொய் சொல்ல வராது என்பது ஊருக்கே தெரியும், அதனால் வாங்கிவிடுவார்கள். நானும் வாங்கினேன்.

வாங்கிவந்து டிவிக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாரோ பாடுவது போலிருந்தது. போனிலேயே அத்தானை ஒரு பிடி பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிட்டார், ஒப்பிட்டுப் பார்க்கக் கடையிலிருந்து மலிவான ஜோடி ஒன்றையும் தூக்கிக்கொண்டு. வீடுகளுக்குப் போய்ப் பொருத்துவது வேறு ஆட்களின் வேலை. அவருக்கு இது புதுசு.

முதலில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு அடியில் என் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களை அடுக்கினார். பிறகு முக்காலி. பிறகு முக்காலிமேல் புத்தகம். ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். பெட்டியின் சின்ன வட்டம் எங்கள் காதுக்கு நேராக வந்ததும் பாட்டு பளிச்சென்று திறந்துகொண்டது.

"மச்சான், உயரம்டா! எல்லாம் உயரம்தான்!" சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

அதே உயரத்தில் மலிவான ஜோடியை வைத்தார். அதுவும் பளிச்சென்று பாடியது. வித்தியாசம் நூலளவுகூட இல்லை. விலை கூடியதைக் கீழே இறக்கினார், மறுபடி கம்பளி. நான்கு முறை மாற்றி மாற்றி வைத்தார். ஐந்தாவது முறை பெட்டியைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

"கடையில மத்த ரெண்டும் தரையோரமா இருக்கும்" என்றார். "இது மட்டும் சோபாவுக்கு நேரா. சுவத்துல தட்டு அடிச்சு அடுக்குறது முதலாளிதான். யாரையும் தொட விடமாட்டார்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருடம் அத்தானைக் கூடவே வைத்துக்கொண்டு காதில் பூச் சுற்றியிருக்கிறார் முதலாளி! மறுநாள் கடை திறந்ததும் அத்தானோடு நானும் போனேன்.

"முதலாளி, அந்தத் தட்டை வேணும்னேதான் அங்க அடிச்சீங்களா?" என்று கேட்டார் அத்தான்.

"பின்ன?" என்றார் முதலாளி, மேஜையைத் துடைத்தபடி.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ எப்படிய்யா வித்திருப்ப? உனக்கு முன்னால இருந்த ஆளுக்கு விஷயம் தெரியும். அவன் என்ன சொன்னாலும் ஜனங்களுக்குச் சந்தேகம். நீ நெசமாவே நம்பிச் சொல்றவன். உன்னை எடுத்ததே அதுக்குத்தான்."

"என் காதுக்காக எடுத்தேன்னு சொன்னீங்களே முதலாளி."

"காதா? காது எல்லாருக்கும்தான் இருக்கு."

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள்.

"வாங்க, வாங்க. நம்ம காதுக்காரர் சொல்லுவார், கேட்டுக்குங்க" என்றார் முதலாளி, ஒன்றுமே நடக்காதது போல.

இப்போது அத்தான் உண்மையை உடைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அத்தான் அவர்களை உட்காரவைத்தார். மூன்று ஜோடிகளையும் பாடவிட்டார். கண்ணை மூடவில்லை, என்னைப் பார்த்தார். கல்லூரியில் படிக்கும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் அக்காவும் அந்தப் பார்வையில் இருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு... இதுதான் தெளிவா கேக்குதுங்க."

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். பிறகு கணவனின் முழங்கையைத் தொட்டாள்.

"யோசிச்சுட்டு வர்றோங்க" என்று எழுந்துவிட்டார்கள்.

கதவு சாத்தியதும் முதலாளி அத்தானின் அருகே வந்து, அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"போச்சு" என்றார், நிஜமான வருத்தத்தோடு. "இனி வேற ஆளைத்தான் பாக்கணும்."